மூன்று நாட்களும் பதினோரு ஆண்டுகளும்



மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவனாக இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டேன். நட்பின் ஒழுக்கங்கள் பற்றிய பாடம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வரும். நல்ல நண்பனைக் கஸ்தூரி விற்பவனுக்கும் தீய நண்பனைக் கொல்லனின் துருத்தியை ஊதுபவனுக்கும் நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டதைச் சொல்லும்போது, பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக் காட்டிச் சிரிப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் நானும் அவர்களுடன் சிரித்திருக்கிறேன். ஆனால் பதினோரு ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்தும் தகுதி எனக்கு இருக்கவில்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். என் தோழனின் அனுமதியுடன் எழுதுகிறேன். அவன் பெயரை மட்டும் தவிர்க்கிறேன்.

காவிரிப் படுகையில் உள்ள எங்கள் சிற்றூரில் அவன் வீடும் என் வீடும் ஒரே தெருவில் இருந்தன. ஏழு வயதில் மக்தபின் ஒரே பாயில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து அலிஃப், பா ஓதத் தொடங்கினோம். ஸுப்ஹுக்குப் பின் ஓதல் ஒரு மணி நேரம், பள்ளிக்கூடம் போகவர ஒரு மணி நேரம், அஸருக்குப் பின் வாய்க்கால் கரையில் இரண்டு மணி நேரம் என்று நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது சேர்ந்தே இருந்தோம். இப்படியே பத்தாண்டுகள் சென்றன.

இந்தக் கணக்கைப் போட வைத்தவள் என் மகள். கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். விடுமுறையில் வந்தால், இரவுச் சாப்பாட்டின்போது தான் படித்ததையெல்லாம் எங்களுக்குப் பாடமாக நடத்துவாள். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அவள் எடுத்துரைத்தாள். அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம், நண்பராவதற்குச் சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்திற்கும் மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்பது அவருடைய மதிப்பீடு. எங்கள் சிறு வயதில் அந்த இருநூறு மணி நேரம் ஐம்பதே நாட்களில் நிறைந்திருக்கும். அதற்குப் பிறகும் பத்தாண்டுகளை நாங்கள் அள்ளிக் கொடுத்திருந்தோம்.

அருகில் இருப்பதே நட்பின் முதல் வாசல் என்பதையும் ஆய்வாளர்கள் வெகுகாலம் முன்பே காட்டியிருக்கிறார்கள். லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய இரு தோழர்களும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950இல் ஒரு நூல் வெளியிட்டனர். யார் யாருக்கு நண்பர் என்பதை, வேறு எதையும்விட, யாருடைய கதவு யாருடைய கதவுக்கு அருகில் இருந்தது என்பதே பெரிதும் தீர்மானித்தது. மகள் இதைச் சொன்னபோது நான் பள்ளிவாசலை நினைத்துக்கொண்டேன். ஒரே முகங்கள், ஒரே இடம், நாளுக்கு ஐந்து வேளை, தோளோடு தோள். மனிதர்களை ஒருவருக்கொருவர் பழக்கப்படுத்த இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறு உண்டா?

அப்போது எனக்குள் ஒரு குரல் எழுந்தது. 'உண்மைதான். பதினோரு ஆண்டுகளாக நீயும் அவனும் அதே பள்ளிவாசலில்தானே தொழுகிறீர்கள்?'

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் தோழன் 2001இல் சவூதிக்குச் சென்றான். 2008இல் வேலையிழந்து திரும்பினான். மறு ஆண்டு இரும்புச் சாமான் கடை வைக்க எண்ணினான். ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்த 80,000 ரூபாயை அவனிடம் கொடுத்தேன். அவன் ஒரு தாளை எடுத்து எழுத முற்பட்டபோது அதைத் தட்டிவிட்டு, "நமக்குள்ள என்னடா எழுத்து?" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நட்பின் உச்சம் அதுவென்று எண்ணினேன்.

குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் என் மாணவர்கள் உடனே விடை சொல்வார்கள். அது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணையைக் குறிக்க வேண்டும், நீதியுடன் ஒருவர் எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதுவதில் சோர்வடையக் கூடாது என்று அது விரிவாகக் கட்டளையிடுகிறது. அந்நியர்களுக்கு ஒரு சட்டம், நண்பர்களுக்கு ஒரு சட்டம் என்று அங்கே இல்லை. அதை மனப்பாடமாக ஓதத் தெரிந்த நான், என் தோழனின் கையிலிருந்த பேனாவைத் தடுத்தேன்.

அவன் திருப்பித் தந்தான். ஒரு மாதம் ஐயாயிரம், பிறகு மூன்று மாதம் எதுவும் இல்லை, பெருநாளுக்கு முன் இரண்டாயிரம் என்று கடை ஓடியதற்கு ஏற்பச் சிறுகச் சிறுகத் தந்தான். சில தவணைகளை என் கையில் தந்தான். சிலவற்றை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். நான்காண்டுகள் கழித்து, 2013இல், என் நினைவின் கணக்குப்படி இன்னும் 23,000 ரூபாய் பாக்கி இருந்தது. அவன் நினைவின் கணக்குப்படி எல்லாம் முடிந்திருந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை என்று இன்று உறுதியாக நம்புகிறேன். எழுதாத கணக்கில் இரண்டு மனிதர்களுக்கு இரண்டு தொகைகள் இருப்பது இயல்பே.

அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. அஸருக்குப் பின் தேநீர்க் கடையில் நான்கைந்து பேர் இருக்கும்போது பேச்சு எழுந்தது. பேச்சு தடித்தது. நான் சொன்னேன்: "கணக்குல பொய் சொல்ற கைக்கு எந்தத் தொழில்லயும் பரக்கத் வராது." அவன் கடை தள்ளாடிக்கொண்டிருந்த காலம் அது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவன் வாயிலிருந்து, ஊரார் முன்னிலையில், அந்த வார்த்தை விழுந்தது. அவன் பதில் பேசவில்லை. பாதி குடித்த தேநீர்க் குவளையை வைத்துவிட்டு எழுந்து போனான்.

அதன்பின் நாங்கள் பேசவில்லை. தொழுகை வரிசையின் இடது ஓரத்தில் நிற்பதை அவன் வழக்கமாக்கிக்கொண்டான். தொழுகையின் முடிவில் நாம் வலப்புறமும் இடப்புறமும் முகம் திருப்பி ஸலாம் கூறுகிறோம். இடப்புறம் திரும்பும்போது வரிசையின் கோடியில் அவன் முகம் தெரியும். இறைவனின் சந்நிதியில் அந்தத் திசை நோக்கி ஸலாம் சொல்லிவிட்டு, படியிறங்கியவுடன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன். நாளுக்கு ஐந்து வேளை, பதினோரு ஆண்டுகள் இப்படியே நடந்தேன்.

இந்த இடத்தில் இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும். அருகாமை நட்பை வளர்க்கிறது என்று கண்ட பிறகு, 1976இல் எபெசன் என்பவரும் அவருடைய குழுவினரும் கலிஃபோர்னியாவில் ஒரு குடியிருப்பை ஆராய்ந்தார்கள். மக்கள் யாரை வெறுக்கிறார்கள் என்றும் கேட்டார்கள். வெறுக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் அருகில் வசிப்பவர்களாகவே இருந்தார்கள். அருகாமை வாசலைத் திறந்துவிடும். அதன் வழியே அன்பு நுழைகிறதா பகை நுழைகிறதா என்பது நம் நடத்தையைப் பொறுத்தது. ஆகவேதான் மார்க்கம் நம்மை ஒரே வரிசையில் நிறுத்தியதோடு விட்டுவிடாமல், கடனுக்கும் நாவுக்கும் கோபத்துக்கும் தனித்தனியே வரம்புகள் விதித்தது என்று எனக்குப் புரிந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சகோதரத்துவத்தின் கடமைகளை எட்டாகப் பகுத்திருக்கிறார்கள். முதலாவது, செல்வத்தில் தோழனுக்குள்ள உரிமை. மூன்றாவது, அவனைப் பற்றிய விஷயத்தில் நாவை அடக்குவது. ஐந்தாவது, அவன் தவறுகளை மன்னிப்பது. நான் முதலாவதில் தாராளமாகத் தொடங்கி, மூன்றாவதில் விழுந்து, ஐந்தாவதை எட்டிப் பார்க்காமலேயே இருந்துவிட்டேன். இதே பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொன்னவனும் நான்தான்.

2024 டிசம்பரில், மகள் விடுமுறைக்கு வந்திருந்த அந்த இரவுக்கு மீண்டும் வருகிறேன். ராபின் டன்பார் என்ற ஆங்கிலேய அறிஞரைப் பற்றி அவள் சொன்னாள். குரங்கினங்களின் மூளைக்கும் அவற்றின் கூட்டத்தின் அளவுக்கும் உள்ள தொடர்பை 1992இல் ஆராய்ந்து, மனிதன் உறவைப் பேணக்கூடியவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 150 என்று மதிப்பிட்டவர் அவர். அந்த எண்ணை மறுப்போரும் உண்டு. அந்த நூற்றைம்பதுக்குள்ளும் வட்டத்துக்குள் வட்டமாக 50, 15, 5 என்று நெருக்கம் கூடிக்கொண்டே போகுமாம். துன்பம் வந்தால் ஓடிச்சென்று கதவைத் தட்டக்கூடியவர்கள் அந்த உள்வட்டத்து ஐந்து பேர். இதைச் சொல்லிவிட்டு அவள் இயல்பாகக் கேட்டாள்: "அத்தா, உங்க அஞ்சு பேர் யாரு?"

விரல் மடக்கத் தொடங்கினேன். அவளுடைய அம்மா, என் அண்ணன், என் ஆசிரியர், ஜமாஅத்தில் ஒருவர். நான்காவது விரலில் நின்றுவிட்டேன். சுண்டுவிரல் மடங்காமல் அப்படியே இருந்தது. என் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். அவளுக்குத் தெரியும்.

அவனுடைய கடைசி மகனுக்கு அப்போது பத்து வயது. எங்கள் மனத்தாங்கலுக்குப் பிறகு பிறந்தவன். மூன்று ஆண்டுகளாக என்னிடம்தான் ஓதுகிறான். தெருவுக்கு அருகில் வேறு மக்தப் இல்லாததால் அனுப்புகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர்கள் வீட்டிலிருந்து இன்னும் குறைந்த தூரத்தில் வேறொரு மக்தப் இருக்கிறது. அதை நான் அறியாதவன் அல்லன். அறிந்ததை எண்ணிப் பார்க்கத் துணியாதவன்.

மகளின் கேள்விக்கு மறுநாள், மஃரிபுக்குப் பிந்தைய வகுப்பில் அந்த ஹதீஸ் வந்தது. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகுமானதல்ல. இருவரும் சந்திக்கும்போது முகம் திருப்பிக்கொள்வார்கள். அவர்களில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்ற கருத்துடையது. விளக்கம் முடிந்ததும் அந்தச் சிறுவன் கை உயர்த்தினான்.

"உஸ்தாத், மூணு நாளைக்கு மேல ஆயிட்டா என்ன செய்யணும்?"

அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளவே கேட்டான். "எத்தனை நாளானாலும் ஸலாம் சொல்லணும்ப்பா. நாள் கூடினா ஸலாம் தள்ளிப்போகாது, பாவம்தான் கூடும்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல ஒலித்தது. அன்றைய ஹதீஸை வீட்டில் உள்ளவர்களுக்கு ஒப்பிக்க வேண்டும் என்பது எங்கள் மக்தபின் வழக்கம். ஆகவே என் வாயிலிருந்து வந்தது அன்றிரவே அவன் வீட்டைச் சென்றடையும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, நோன்பு வைப்பதற்காக ஸஹருக்கு எழுந்தேன். திங்களும் வியாழனும் நஃபில் நோன்பு வைப்பது என் நெடுநாள் வழக்கம். அவ்விரு நாட்களிலும் இணைவைக்காத அடியார்கள் மன்னிக்கப்படுகிறார்கள் என்றும், தம்முள் பகை கொண்ட இருவரின் காரியம் மட்டும் அவர்கள் சமாதானமாகும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்றும் நபிமொழி இருக்கிறது. அந்த நபிமொழியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அன்றுதான் கணக்குப் பார்த்தேன். ஆண்டுக்கு நூறு நோன்பு என்றால் பதினோரு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேல். அத்தனை நோன்புகளின் பசியையும் தாங்கியவனுக்கு ஒரு ஸலாமின் கனத்தைத் தாங்க முடியவில்லை.

ஸுப்ஹுத் தொழுதுவிட்டு, மார்கழிக் குளிரில் அவன் கடைவரை நடந்தேன். அவன் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தான். பின்னால் நின்று ஸலாம் சொன்னேன். திரும்பாமலேயே பதில் சொன்னான். குரல் யாருடையது என்று தெரிந்த பிறகு திரும்பினான். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன் சொன்னான்:

"ராத்திரி பையன் ஹதீஸ் சொன்னான். இன்னைக்கு மஃரிபுக்கு நான்தான் வந்து ஸலாம் சொல்லணும்னு இருந்தேன். இதுலயும் நீ முந்திட்ட."

நான் அழுதேன். அவனும் அழுதான். பணத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "அது கிடக்கட்டும்டா" என்று கையமர்த்தினான். "பாக்கி இருந்துச்சுன்னா நீ ஹலாலாக்கிடு. இல்லைன்னா நான் உனக்கு ஹலாலாக்கிட்டேன். அந்தக் காசு என்னை ஒண்ணும் செய்யல. கடையில வச்சு நீ சொன்ன வார்த்தைதான். அன்னைக்கிலேருந்து கல்லாவைத் திறக்குறப்பல்லாம் அது காதுல விழும்."

பதினோரு ஆண்டுகளாக அவன் என்மீது கொண்டிருந்த வருத்தம் 23,000 ரூபாயைப் பற்றியது என்றே நான் நினைத்திருந்தேன். பலர் முன்னிலையில் காயப்படுத்திய ஒருவன் தனிமையில் மன்னிப்புக் கேட்டுத் தப்பித்துக்கொள்வது நியாயமாகாது. ஆகவே அன்று அஸருக்குப் பின் அதே தேநீர்க் கடைக்குச் சென்றோம். அங்கிருந்தவர்களிடம் நான் சொன்ன சொல் தவறு என்று வெளிப்படையாகக் கூறினேன். அன்று அந்த வார்த்தையைக் கேட்டவர்களில் இருவர் மவ்த்தாகிவிட்டார்கள். அவர்கள் காதில் விழுந்ததை என்னால் இனி திருத்த முடியாது.

ஏன் இவ்வளவு காலம் தாழ்த்தினேன்? நான் போனால் அவன் முகம் திருப்புவான், அவமானப்படுத்துவான் என்று எண்ணியிருந்தேன். இது என் பலவீனம் மட்டுமன்று, பொதுவான மனித இயல்பு என்று மகள் பிற்பாடு காட்டினாள். லாரா அக்னின், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரம் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு அது. தொடர்பு விட்டுப்போன பழைய நண்பர் ஒருவருக்குச் செய்தி அனுப்பும் வாய்ப்பைப் பலருக்குக் கொடுத்தார்கள். அனுப்பும் விருப்பம் இருந்தும், நண்பர் மகிழ்வார் என்று தெரிந்தும், எண்ணும் நேரமும் கையில் இருந்தும், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அனுப்பினார்கள். பழைய நண்பர்கள் நமக்கு அந்நியர்களைப் போல ஆகிவிடுகிறார்கள். அந்தக் கூச்சம்தான் நம்மைத் தடுக்கிறது. பெக்கி லியூ என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, நாம் தேடிச் சென்று நலம் விசாரிப்பதை மற்றவர் எவ்வளவு விரும்புவார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று கண்டது.

இதை யோசிக்கும்போது மூன்று நாள் என்ற வரம்பின் ஆழம் விளங்கியது. கோபம் மனிதனுக்கு வரும். அதற்கு மூன்று நாள் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் விட்டால் கோபம் ஆறிய பின்னும் கூச்சம் வளர்ந்துகொண்டே போகும். 'மனம் இளகும்போது பேசுங்கள்' என்று சொல்லியிருந்தால் நம்மில் பலர் கப்ருவரை பேசாமலேயே போய்ச் சேர்ந்திருப்போம். நட்பை மனநிலையிடம் ஒப்படைக்காமல் கடமையாக்கியது எவ்வளவு பெரிய கருணை! கடனை எழுது, வார்த்தையை அடக்கு, மூன்று நாளுக்குள் ஸலாம் சொல், நேசிக்கும் சகோதரனிடம் நேசிப்பதைத் தெரிவித்துவிடு. எல்லாம் சிறிய விதிகள். பெரிய நட்பு இவற்றின்மீதுதான் நிற்கிறது. மார்க்கத்துக்கோ உயிருக்கோ மானத்துக்கோ தீங்கு வரும் என்றால் ஒதுங்கியிருக்க அறிஞர்கள் அனுமதி தருகிறார்கள். ஆனால் நம் சண்டைகளில் பெரும்பாலானவை அந்த அனுமதிக்குள் அடங்காதவை. என்னுடையது நிச்சயமாக அடங்காது.

நட்பு வெறும் மன ஆறுதல் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. ஜூலியன் ஹோல்ட்-லுன்ஸ்டாட் என்பவரும் அவருடைய குழுவினரும் 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்டார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றில் அடங்குவர். வலுவான சமூக உறவு உடையவர்கள், அத்தகைய உறவு குன்றியவர்களைவிட, ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். தோழனின் உரிமையைப் பேணுபவன் தன் உடலின் உரிமையையும் பேணுகிறான் போலும்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பதினோரு ஆண்டுகளில் அவன் தந்தையார் மறைந்தார். நான் ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். என் தாயார் அறுவை சிகிச்சைக்குச் சென்றபோது அவன் வரவில்லை. அவற்றையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறோம். சில நேரம் பேச்சு நின்றுவிடுகிறது. அப்போது பேசாமல் நடக்கிறோம். ஸுப்ஹுக்குப் பின் வாய்க்கால் கரையில் நாள்தோறும் அரை மணி நேரம். ஜெஃப்ரி ஹாலின் கணக்குப்படி இருநூறு மணி நேரத்தை இரண்டாம் முறை சேர்க்க எங்களுக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். அவசரம் இல்லை.

மகளின் தேர்வுக் கட்டணத்துக்கு ஐயாயிரம் ரூபாய் குறைந்தபோது அவனிடம்தான் கேட்டேன். கல்லாவிலிருந்து எடுத்து நீட்டினான். வாங்குமுன் அவன் மகனை அழைத்து மக்தப் குறிப்பேட்டை எடுத்துவரச் சொன்னேன். சிறுவன் தொகையையும் தேதியையும் தவணையையும் கோணல்மாணலான எழுத்தில் எழுதினான். நாங்கள் இருவரும் கையெழுத்திட்டோம். கடையில் ஆணி வாங்க வந்திருந்த இருவர் சாட்சி. "நமக்குள்ள என்னடா எழுத்து?" என்றான் என் தோழன். "நமக்குள்ளதான்டா எழுதணும்" என்றேன்.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்கேனும் மடங்காத ஒரு விரல் இருக்குமானால், நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். நேரில் போக முடியாவிட்டால் அலைபேசியில் ஒரு ஸலாம் போதும். அவர் பதில் சொல்லாவிட்டாலும் உங்கள் கடமையை நீங்கள் நிறைவேற்றியவர் ஆவீர்கள்.

வல்ல நாயன் நம் உள்ளங்களில் உள்ள பகைமையை நீக்கி, அவனுக்காகவே நேசித்து, அவனுக்காகவே ஒன்றுகூடி, அவனுக்காகவே பிரிபவர்களாக நம் அனைவரையும் ஆக்கி, வேறு நிழல் இல்லாத அந்நாளில் தன் அர்ஷின் நிழலில் இடமளிப்பானாக. ஆமீன்.